பிளேட்டின் முன்முகம்

அடுப்பை அணைக்க மறந்தது ஒரு தடவைதான். ஆனால் அதற்குப் பிறகு சேனாபதி சமையலறைக்குள் போனாலே யாராவது ஒருவர் ஏதோ எடுக்க வந்ததுபோல் பின்னால் வந்தார். மகள் யாமினி வந்தாள், அவள் இல்லையென்றால் மருமகன் இனியன் வந்தான். இருவருமே வேலைக்குப் போயிருந்தால் பக்கத்துத் தெரு சாரதா ஆன்ட்டி, கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அவள் வீட்டுப் பின்புறத்தில் கறிவேப்பிலைச் செடி இருப்பது சேனாபதிக்குத் தெரியும்.

அவர் கோயம்புத்தூரில் நூற்பு இயந்திரங்கள் செய்யும் ஒரு ஆலையில், அதற்கான கருவிகளை உருவாக்கும் டூல்ரூமுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தனபாக்கியம் இறந்த பிறகு யாமினி கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டு அவரை அமெரிக்காவில் மில்பிடாஸுக்கு அழைத்துக்கொண்டாள். வந்த முதல் கோடையிலேயே ஒருநாள் பூங்காவிலிருந்து திரும்பும்போது வழி தவறிவிட்டார். எல்லாத் தெருவிலும் ஒரே நிறத்தில் வீடுகள், ஒரே மாதிரி கராஜ் கதவுகள். தபால்காரப் பெண்ணொருத்தி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டாள். இன்னொரு நாள் பேத்தி துவாரகாவை ‘பாக்கியம்’ என்று கூப்பிட்டார். எட்டு வயதுக் குழந்தை, “ஹூ இஸ் பாக்கியம்?” என்று அம்மாவிடம் கேட்டது.

டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர். சேனாபதி வாய்க்குள் தமிழில் கழித்து ஆங்கிலத்தில் விடை சொன்னார். கொஞ்சம் நேரமானது. ஆரம்ப நிலையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். அந்த ‘இருக்கலாம்’ அவர்களோடு காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

யாமினியின் அண்ணன் கிட்டுசாமி கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். தடாகம் ரோட்டில் ஒரு இடம் இருக்கிறது, நர்ஸ் உண்டு, நம் சாப்பாடு, பேச்சுத் துணைக்கு அவர் வயதுக்காரர்கள். அவன் மனைவி வசந்தாமணிக்கு முதுகு சரியில்லை, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது. நீங்களும் பகலெல்லாம் ஆபீஸில் இருக்கிறீர்கள், பூட்டின வீட்டில் அவர் ஒற்றையில் என்ன செய்வார் என்று கேட்டான். யாமினி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கை வேலையாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். டிரையரில் துணி போடப் போன சேனாபதி கராஜில் நின்று அத்தனையும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது சேனாபதி மருமகனிடம் பிக்கப்பைப் பற்றிக் கேட்டார்.

இனியனிடம் ஒரு பழைய டாட்சன் பிக்கப் இருந்தது. மாணவனாக வந்த காலத்தில் பழசாக வாங்கியது. மொத்தம் கால் நூற்றாண்டு ஓடி அதன் எஞ்சின் தேய்ந்துவிட்டது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயிலும் ஊற்ற வேண்டும். அதை எடுத்துவிட்டு ஜப்பானிலிருந்து வரும் ஒரு டொயோட்டா எஞ்சினை அதில் வைக்க வேண்டும் என்பது அவனுடைய பலநாள் திட்டம். ஆனால் ஒரு கம்பெனி எஞ்சின் இன்னொரு கம்பெனி கியர்பாக்ஸோடு சேராது. நடுவில் ஒரு தகடு வேண்டும்; ஒரு முகம் எஞ்சினோடு பொருந்த வேண்டும், மறுமுகம் கியர்பாக்ஸோடு. அடாப்டர் பிளேட் என்பார்கள். அதை மெஷின் ஷாப்பில் கொடுத்துச் செய்யலாம் என்றிருந்தான்.

“அத நான் செய்யறனுங் மாப்பிள்ளை” என்றார் சேனாபதி.

யாமினி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: “கிட்டு போன்ல பேசுனத நானும் கேட்டேன் கண்ணு. தப்பா ஒண்ணும் சொல்லல அவன். இந்த பிளேட்டு சரியா உக்காந்துச்சுன்னா நான் இங்க இருக்கறேன். உக்காரலீன்னா அவன் சொல்ற எடத்துக்குப் போயிக்கறேன்.”

அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா என்றாள் யாமினி. அவர் ரசம் கேட்டார்.

இனியன் செமிகண்டக்டர் கருவிகள் செய்யும் கம்பெனியில் டிசைன் எஞ்சினியர். ஒரு சனிக்கிழமை ஹேவர்டில் பழைய எஞ்சின்கள் விற்கும் யார்டுக்குப் போய், தான் சொல்லி வைத்திருந்த எஞ்சினையும் தன் பிக்கப்பில் இருப்பதைப் போன்ற ஒரு கியர்பாக்ஸையும் அளந்துகொண்டு வந்தான். பிக்கப்பைத் தினமும் ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டிருந்ததால் பழைய எஞ்சினை முன்கூட்டியே இறக்க முடியாது. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் ஒரே மூச்சில் மாற்றிவிடுவதாகத் திட்டம். அதற்குள் பிளேட் தயாராக வேண்டும். வரைபடத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேலை முடிந்த பிறகு வரைந்தான். கம்பெனித் தாளில் அச்சிட்டால் ஓரத்துக் கட்டத்தில் கம்பெனிப் பெயர் வரும். சொந்த வேலைக்கு அது சரியில்லை என்று கட்டமே இல்லாத வெறுந்தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்தான்.

சேனாபதி அதை ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு மாலை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஒரு கேள்வி கூடக் கேக்கல யாமினி. அப்படியே புடிச்சுக்கிட்டாரு. எங்க டிபார்ட்மென்ட்ல புதுசா வர்ற பசங்க பத்துத் தடவை வருவானுங்க” என்றான் இனியன். அவன் குரலில் இருந்த சந்தோஷம் அவளையும் தொற்றிக்கொண்டது.

வாஷிங் மெஷினுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் நடுவில் பெஞ்ச் போட்டார்கள். ஒரு டிரில் மெஷின், இறுகப் பிடிக்க ஒரு வைஸ், விதவிதமான அரங்கள். கனமான அலுமினியத் தகடு வந்தது. சேனாபதி அதன் மேல் துவாரகாவின் நீல மார்க்கரைத் தேய்த்து நீலமாக்கி, அந்த நீலத்தில் கூர் ஊசியால் கோடு கீறினார். அந்தக் கோடுகள் முடியைவிட மெல்லியதாக இருந்தன. மார்க்கர் தீர்ந்துவிட்டது என்று துவாரகா அழுதபோது, யாமினி புதுப் பெட்டியே வாங்கி வந்தாள். அதிலும் நீலம் பாதி கராஜுக்குப் போனது.

கோட்டுக்கு வெளியே வரிசையாகத் துளை போட்டு, துளைகளை அறுத்துச் சேர்த்து உருவத்தை வெட்டி எடுத்தார். அலுமினியம் அரத்தில் ஒட்டாமலிருக்க மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டார். வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாசனை. மெத்தையில், டவலில், துவாரகாவின் பள்ளிப் பையில். யாமினி முகம் சுளித்துக்கொண்டே இருந்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாலையில் ஃப்ரீவேயிலிருந்து வீடு திரும்பும்போது கராஜ் கதவு பாதி உயர்ந்து, அடியில் வெளிச்சமும் அரத்தின் சத்தமும் வருவதைத் தெருமுனையிலேயே கவனித்துவிடுவாள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் அடுப்பைப் பற்றிய நினைப்பே அவளுக்கு வராது.

இனியன் உதவ வந்தால் சேனாபதி வேடிக்கையாகத் திட்டினார். ஒருநாள் அவன் வெர்னியர் அளவுகோலின் முனையால் அலுமினியத் தூளைச் சுரண்டியதைப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாப்பிள்ளை, எம்.எஸ். படிக்கறப்ப இதுல பல்லுக் குத்தவும் சொல்லிக் குடுத்தாங்களா?” என்றார். இனியன் சிரித்துக்கொண்டே அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். அவர் அப்படிக் கேலி பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

அந்த வாரங்களில் அவர் எதையும் மறக்கவில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டார். துவாரகாவை துவாரகா என்றே கூப்பிட்டார். சாரதா ஆன்ட்டி கறிவேப்பிலைக்கு வந்தபோது, இருங்க, உங்க வீட்டுச் செடிக்கு என்னாச்சுன்னு நானும் வந்து பாக்கறேன் என்று கிளம்பி அவளை வெட்கப்பட வைத்தார். யாமினி கிட்டுசாமியிடம், அங்கே முன்பணம் எதையும் கட்டிவிடாதே, பொறுத்துப் பார்க்கலாம் என்று சொன்னாள். மழைக்காலத்துக்கு அப்பாவுக்கு ஒரு கனத்த ஸ்வெட்டர் வாங்கி அலமாரியில் வைத்தாள்.

தகட்டில் கடைசியாகக் குழிகள் வந்தன. தகட்டை எஞ்சினோடு இறுக்கும் போல்ட்டுகளின் தலைகள் தகட்டுக்குள் அமிழ்ந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் கியர்பாக்ஸ் மேலே வந்து ஒட்டாது. அதற்காகத் துளைகளின் வாயைத் தகட்டின் பாதிக்கு மேல் ஆழமாகக் குடைய வேண்டும். அந்த வேலையின்போது சேனாபதி யாரையும் பேசவிடவில்லை. முடிந்ததும் தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றி, தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

தேங்க்ஸ்கிவிங் மறுநாள் காலையில் வாடகைக்கு எடுத்த ஹாயிஸ்டில் பழைய எஞ்சினைத் தூக்கினார்கள். புது எஞ்சின் கராஜ் நடுவில் மரக்கட்டைகளின் மேல் காத்திருந்தது. சேனாபதி துணியைப் பிரித்தார். தகடு கண்ணாடிபோல் இருந்தது. இனியன் அதை இரண்டு கையாலும் வாங்கி எஞ்சினின் பின்புறத்தில் வைத்தான். எஞ்சினில் நீட்டிக்கொண்டிருந்த பொருத்தூசிகள் தகட்டுக்குள் சிக்கென்று இறங்கின. துளைக்கு நேரே துளை வந்தது. சமையலறைக் கதவில் காபியோடு நின்றிருந்த யாமினிக்குக் கண் கலங்கியது.

இனியன் போல்ட்டை எடுத்தான். அதை வைக்கக் குழியைத் தேடினான். தகட்டின் முகம் வழவழவென்று இருந்தது. குழிகள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு உள்பக்கம் இருந்தன.

அவன் தகட்டை எடுத்துத் திருப்பி வைத்தான். இப்போது குழிகள் சரியான பக்கம் பார்த்தன. துளைகள் ஒன்றும் பொருந்தவில்லை. இடது கால் செருப்பு வலது காலுக்கு வந்ததுபோல் எல்லாம் மாறி நின்றது. மறுபக்கமும் குடைந்துகொள்ளலாம் என்றால், இரண்டு குழியும் நடுவில் சந்தித்து உலோகமே மிஞ்சாது.

சேனாபதி தகட்டைக் கையில் வாங்கினார். ஒருமுறை திருப்பினார். மறுபடியும் திருப்பினார். சட்டைப் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மருமகனிடம் நீட்டினார். இனியன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தன்மேல் ஏதாவது தப்பு இருக்கவேண்டும் என்று அவன் மனதார விரும்பித் தேடினான். குழிகள் முன்முகத்தில்தான் தெளிவாக வரையப்பட்டிருந்தன. அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. அவன் நிமிராமல் இருந்ததிலேயே சேனாபதிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“பின்னாடி குடைஞ்சுட்டனுங்” என்றார்.

பரவாயில்லை, இன்னொரு தகடு வாங்கிக்கொள்ளலாம் என்று இனியன் சொன்னான். அவர் துணி துவைக்கும் தொட்டியில் சோப்புத்தூளைப் போட்டு நீண்ட நேரம் கை கழுவினார்.

“கிட்டுகிட்டச் சொல்லிரு கண்ணு.”

“அது வெறும் பிளேட்டுப்பா.”

“உனக்கு பிளேட்டு” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரத்திலேயே அவர் பேத்தியை மறுபடி பாக்கியம் என்று கூப்பிட்டார். ஒருநாள் குளியலறைக் குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மறந்துதான் போனாரா, இனி நினைவு வைத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாரா என்று யாமினியால் சொல்ல முடியவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஒரு குடும்பத்தோடு அவரை அனுப்பினார்கள். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்கப்போனபோது, அந்த ஊருக்கு இது எதுக்குக் கண்ணு, மாப்பிள்ளைக்குக் குடு என்று எடுத்து வெளியே வைத்தார். விமான நிலையத்தில் துவாரகா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “அப்புச்சி, வென் ஆர் யூ கமிங் பேக்?” என்று கேட்டாள். அவருக்குப் புரிந்தது. தலையைத் தடவிக் கொடுத்தார்.

பிக்கப் எஞ்சின் இல்லாமல் கராஜிலேயே நின்றது. மார்ச் மாதம் சாரதா ஆன்ட்டியின் கணவர், எத்தனை நாள்தான் அதைச் சவம் மாதிரி போட்டு வைப்பீர்கள் என்று கேட்ட பிறகு இனியன் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு சான் ஹோசேயில் ஒரு மெஷின் ஷாப்புக்குப் போனான். கடைக்காரர் போர்ச்சுகலிலிருந்து வந்த ஒரு கிழவர். தாளை மேசையில் விரித்தார், ஓரங்களில் எதையோ தேடினார், பின்னால் திருப்பியும் பார்த்தார். இது எந்த முறையில் வரைந்தது, அதற்கான குறியைக் காணோமே என்று கேட்டார். அமெரிக்க முறை என்றால் ஒருவிதமாகச் செய்ய வேண்டும், எங்கள் ஊர் முறை என்றால் வேறுவிதம். நான் யூகித்துச் செய்து, உன் தகடு வீணாகக் கூடாது.

இனியன், வேலையை அப்புறம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

யாமினியைக் கராஜுக்குக் கூப்பிட்டான். வரைபடத்தில் தகட்டின் முன்தோற்றம் ஒன்று, அதற்கு வலப்பக்கத்தில் பக்கத்தோற்றம் ஒன்று; குழிகள் எந்த முகத்தில் என்று காட்டுவது அந்தப் பக்கத்தோற்றம்தான். இந்த ஊரில் வலப்பக்கம் வரைந்திருந்தால், பொருளை வலப்பக்கத்திலிருந்து பார்ப்பதாக அர்த்தம். இனியன் கல்லூரியில் படித்ததும் அதுதான், பன்னிரண்டு வருடமாக வேலையில் வரைவதும் அதுதான். வேறு முறை உண்டு என்பதையே அவன் மறந்திருந்தான். ஆனால் அவர் ஆலைக்கு வந்ததெல்லாம் இங்கிலாந்துக்காரன் வரைந்த தாள்கள். அதில் வலப்பக்கம் வரைந்திருந்தால், இடப்பக்கத்திலிருந்து பார்ப்பதாக அர்த்தம். அப்படிப் படித்தால் குழிகள் பின்முகத்துக்குப் போய்விடும். எந்த முறை என்று சொல்லும் சின்னக் குறி கம்பெனித் தாளின் கட்டத்தில் தானாகவே இருக்கும். அவன் கட்டத்தை எடுத்துவிட்டான்.

தகட்டை பெஞ்சில் வைத்து, அவர் படித்தபடியே தாளைப் படித்து ஒவ்வொரு அளவாகச் சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. குழிகளின் ஆழம்கூட ஒன்றுக்கொன்று மயிரிழை மாறவில்லை.

யாமினி டிரையரில் சாய்ந்து நின்றாள். “அப்ப அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லையா?”

“அது எனக்குத் தெரியல. இந்த பிளேட்ல ஒண்ணுமில்ல.”

சனிக்கிழமை மாலை போன் செய்தார்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. தடாகம் ரோடு இல்லத்தின் காரியாலயத்திலிருந்து ஆள் போய் அவரைக் கூட்டிவர நேரமானது. இனியன்தான் பேசினான். நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் விளக்கினான். தப்பு தன்னுடையது, தான்தான் தாளில் குறி போடாமல் விட்டது, பிளேட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னான். பிறகு சேனாபதி, மாப்பிள்ளைக்கு நல்ல மனசு, இவ்வளவு தூரம் யோசித்து எனக்கு ஆறுதல் சொல்கிறீர்கள் என்றார். ஆறுதல் இல்லைங் மாமா, நிஜம், தாள் என் கையிலேயே இருக்கிறது என்றான் இனியன். யாமினி போனை வாங்கிக்கொண்டாள்.

“அப்பா, அவரு பொய் சொல்லலப்பா. நானும் கூட நின்னு பாத்தேன்.”

“சரி கண்ணு. நெசமாவே இருக்கட்டும்.” அவர் குரல் நிதானமாக இருந்தது. “குறி இல்லாத தாளு வந்தா, எந்தப் பக்கத்துல இருந்து பாக்கறதுன்னு மொதல்ல கேக்கோணும். டூல்ரூமுல புதுசா வர்றவனுக்கு நான் சொல்ற மொதப் பாடமே அதுதான். குழி எதப் பாத்து இருக்கோணும்னாவது யோசிச்சிருக்கோணும். எனக்கு ரெண்டும் தோணவே இல்ல. ரெண்டு நாள் அதயே பாத்துட்டு உக்காந்திருந்தேன், தோணல. போனது அதுதான், கண்ணு. பிளேட்டு இல்ல.”

திரும்பி வந்துவிடுங்கள் என்றாள். டிக்கெட் போடுகிறேன், இந்த மாதமே போடுகிறேன் என்றாள்.

“வேண்டாஞ் சாமி. அங்க வந்தா நீங்க மறுபடியும் என்னயவே பாத்துட்டு இருப்பீங்க. இங்க யாரும் பாக்கறதில்ல.”

பக்கத்தில் யாரிடமோ அவர் சொல்வது கேட்டது: என்ற பொண்ணு, அமெரிக்காவுல இருந்து, அப்பா எப்படி இருக்கறாருன்னு கேப்பா, நீங்களே சொல்லிருங்க. போன் கை மாறியது. வேறொரு ஆண் குரல் வணக்கம் சொன்னது. அவன் அங்கே வேலை பார்ப்பவன். ஐயா நன்றாகச் சாப்பிடுகிறார், நேரத்துக்குத் தூங்குகிறார், அவரால் ஒரு தொந்தரவும் கிடையாது என்றான். அவன் வேறு ஏதாவது சொல்வான் என்று யாமினி காத்திருந்தாள். அவனும் எதையாவது சொல்லவேண்டுமென்று நினைத்தான் போலிருக்கிறது.

“போன வாரம் போர் மோட்டார் நின்னுபோச்சுங்க அம்மா. மெக்கானிக் வரல. ஐயா பெரிய ஆலையில இருந்தவருன்னு உங்க அண்ணன் சொல்லியிருந்தாரே, கொஞ்சம் வந்து பாருங்கன்னு கூப்பிட்டேங்க. பக்கத்துலயே வரலீங்க. எனக்கு அந்த வேலையெல்லாம் தெரியாதுங்கன்னுட்டாரு.”

அதனால் ஒன்றும் இல்லை, சாயங்காலமே மெக்கானிக் வந்து சரி செய்துவிட்டான், தண்ணீருக்குக் கஷ்டமில்லை என்று அவன் சொல்லிக்கொண்டே போனான். யாமினி சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.